சொரியாசிஸ்: மருந்துக் கடையில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

திருநெல்வேலிப் பக்கம் 22 வருடமாக மருந்துக் கடை வைத்திருக்கிறேன். கடை ஆரம்பித்து நாலாவது வருடம் என் முழங்கையிலேயே சொரியாசிஸ் வந்தது. முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் இதே நோய் உள்ளவர்கள் எப்படியோ கண்டுபிடித்துவிடுவார்கள். கூட்டம் குறையட்டும் என்று ஓரமாக நின்று, அப்புறம் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். அப்படிக் கேட்டவற்றை, கேட்டவர்கள் சொன்ன மாதிரியே இங்கே எழுதியிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை, மருந்தாளுநர். எந்த மருந்து, எவ்வளவு என்பதைத் தோல் மருத்துவர்தான் முடிவு செய்யவேண்டும்.

"அண்ணாச்சி, இது படையா, தேமலா, கரப்பானா? ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுதாவ."

படையும் தேமலும் பூஞ்சையால் வருபவை. கரப்பான் என்று நாம் சொல்வது பெரும்பாலும் எக்ஸிமா. சொரியாசிஸ் இந்த மூன்றிலும் சேராது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி, வெளியே இருந்து வரும் கிருமியை விட்டுவிட்டுச் சொந்தத் தோலிடம் சண்டைக்குப் போவதால் வருவது. சாதாரணமாகத் தோலின் அடியில் பிறக்கும் செல் மேலே வந்து உதிர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். சொரியாசிஸ் உள்ள இடத்தில் மூன்று முதல் ஐந்து நாளிலேயே மேலே வந்துவிடும். உதிர நேரமில்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொள்வதைத்தான் வெள்ளைச் செதிலாகப் பார்க்கிறோம்.

முழங்கை, முழங்கால், தலை, கீழ் முதுகு, தொப்புளைச் சுற்றி, இவைதான் இதற்குப் பிடித்த இடங்கள். படை என்றால் ஓரம் வட்டமாகப் பரவும், நடுவில் தெளிந்திருக்கும். சொரியாசிஸ் முழுத் திட்டாக, கோடு கிழித்த மாதிரி ஓரத்தோடு, தடிப்பாக இருக்கும். கண்ணால் பார்த்தே பெரும்பாலும் தோல் மருத்துவர் சொல்லிவிடுவார். சந்தேகம் இருந்தால் பொட்டளவு சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்.

"தொட்டா ஒட்டுமா? மருமக என் தட்டைத் தனியா வச்சிருக்கா."

ஒட்டாது. ஒரே தட்டில் சாப்பிடலாம், ஒரே துண்டில் துடைக்கலாம், குழந்தையைத் தூக்கலாம், கணவன் மனைவி சேர்ந்து படுக்கலாம். கிருமியே இல்லாத நோயில் ஒட்டுவதற்கு என்ன இருக்கிறது? 2014ல் ஜெனீவாவில் கூடிய உலக சுகாதாரப் பேரவை, இந்த நோயாளிகள் ஒதுக்கப்படுவதைக் குறிப்பிட்டுத் தனித் தீர்மானமே போட்டது. இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை.

இந்த அம்மாவிடம், அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது மருமகளையும் கூட்டிக்கொண்டு போகச் சொன்னேன். மாமியார் சொல்வதைவிட டாக்டர் சொல்வது எடுபடும்.

"எங்க அப்பாவுக்கு இருந்துச்சு, எனக்கும் வந்துட்டு. எம் பிள்ளைக்கும் வருமா?"

வர வாய்ப்பு கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பத்துப் பிள்ளைகளில் ஒன்றுக்கு வரலாம் என்ற அளவில் சொல்வார்கள். இருவருக்கும் இருந்தால் அது நன்றாகவே கூடும். குடும்பத்தில் யாருக்குமே இல்லாமல் வந்தவர்களும் நிறைய. என் வீட்டில் எனக்குத்தான் முதல்.

"ரத்தம் கெட்டுப் போச்சுன்னு சொல்லுதாவளே. ரத்தத்தைச் சுத்தம் பண்ண டானிக் இருக்கா?"

ரத்தம் கெடவில்லை. அதனால் அதைச் சுத்தம் பண்ணும் டானிக் எதுவும் இதற்குத் தேவையில்லை. பேதிக்குக் கொடுத்து உடம்பைக் காயப்போட்டதால் செதில் கூடுதலாகி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

"ஒரே வார்த்தையில சொல்லுங்க. இது குணமாகுமா, ஆகாதா?"

அடங்கும். ஒரே வார்த்தை கேட்டால் இதுதான் என் பதில். சர்க்கரை, பிரஷர் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். வேரோடு பிடுங்கும் மருந்து இன்றுவரை வரவில்லை. ஆனால் தோல் முழுக்கத் தெளிந்து, மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் ஒன்றுமே இல்லாமல் இருக்க முடியும். அதற்கான மருந்துகள் இருபது வருடத்துக்கு முன்பு இருந்ததைவிட இப்போது எவ்வளவோ மேல்.

"நிரந்தரத் தீர்வு, 48 நாளில் உத்தரவாதம்" என்று பஸ்ஸில் ஒட்டியிருக்கும் நோட்டீஸைப் பார்த்துப் போகிறவர்கள் இழப்பது பணம் மட்டும் இல்லை. அந்த 48 நாளும் உருப்படியான மருந்தை நிறுத்திவிட்டுப் போகிறார்கள். அப்புறம் திட்டு இரண்டு மடங்காகித் திரும்பி வருகிறார்கள்.

"பொடுகுக்கு எத்தனையோ ஷாம்பு போட்டுட்டேன். போகவே மாட்டேங்குது."

பொடுகு தூளாக, கொஞ்சம் பிசுபிசுப்பாக உதிரும். தலையில் வரும் சொரியாசிஸ் தடிப்பான பொருக்காகப் பிடித்திருக்கும். நெற்றி ஓரம், காதுக்குப் பின்னால், பிடரி என்று முடி எல்லை தாண்டி ஒரு விரல்கடை வெளியே தெரியும். அப்படி இருந்தால் பொடுகு ஷாம்பு மட்டும் போதாது.

பலரும் தவறு செய்வது வரிசையில்தான். பொருக்கு இருக்கும்போது அதன் மேலேயே லோஷனைத் தடவுகிறார்கள். அது தார் ரோட்டில் தண்ணீர் ஊற்றின கதைதான், உள்ளே இறங்காது. முதலில் சாலிசிலிக் அமிலம் கலந்த மருந்தோ தேங்காய் எண்ணெயோ ராத்திரி தடவி ஊறவிட்டு, காலையில் நிலக்கரித் தார் கலந்த ஷாம்பு போட்டு ஐந்து பத்து நிமிடம் விட்டு அலசவேண்டும். பொருக்கு இளகிப் போன பிறகு, முடியை வகிடு வகிடாகப் பிரித்துத் தோலில் படும்படி லோஷன் போடவேண்டும். நகத்தாலும் பேன் சீப்பாலும் பொருக்கைப் பெயர்க்கக்கூடாது. அந்தக் காயத்திலேயே புதிதாக வரும். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

"வெறும் எண்ணெய் தடவினா போதாதா? மருந்து எதுக்கு?"

ஒன்றிரண்டு சின்னத் திட்டுக்குச் சில மாதம் போதலாம். ஆனால் எண்ணெயோ வாசலினோ மற்ற மருந்துக்குத் துணை, மாற்று இல்லை. குளித்து மூன்று நிமிடத்துக்குள், தோலில் ஈரம் இருக்கும்போதே பூசினால் ஈரம் உள்ளே தங்கும், அரிப்பும் வெடிப்பும் குறையும். சும்மா உலர்ந்த தோலில் நாலு தடவை பூசுவதைவிட இது நல்ல பலன் தரும். வாசனை போட்ட விலை உயர்ந்த க்ரீம் எல்லாம் வேண்டாம். வெள்ளை வாசலின் போதும். பீர்க்கங்காய்க் கூட்டை வைத்து உடம்பைத் தேய்க்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

"ஆயின்மென்ட் போட்டா போகுது, விட்டா வருது. மருந்து சரியில்லையோ?"

இந்தப் பக்கத்தை எழுதக் காரணமே இந்தக் கேள்விதான். வாரத்துக்கு இரண்டு பேராவது கேட்பார்கள். நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: "ட்யூப் எத்தனை நாள் வந்தது?" "மூணு மாசம் ஓடிச்சு அண்ணாச்சி, இன்னும் கொஞ்சம் கிடக்கு" என்பார்கள், சிக்கனமாக இருந்த பெருமையோடு. அங்கேதான் கோளாறு.

கணக்கு ரொம்ப எளிது. ஆள்காட்டி விரலின் கடைசி மடிப்பிலிருந்து நுனி வரை ட்யூபிலிருந்து ஒரு கோடாகப் பிதுக்குங்கள். அது ஏறக்குறைய அரை கிராம். விரல்கள் சேர்த்த உங்கள் உள்ளங்கை இரண்டு அளவு இடத்துக்கு அது ஒரு வேளைக்குச் சரியாக இருக்கும். உங்களுக்குத் திட்டு மொத்தமாகப் பத்து உள்ளங்கை அளவு இருந்தால் ஒரு வேளைக்கு இரண்டரை கிராம். இரண்டு வேளை என்று எழுதியிருந்தால் நாளுக்கு ஐந்து கிராம். 20 கிராம் ட்யூப் நாலு நாளில் தீரவேண்டும். மூன்று மாதம் ஓடியது என்றால் மருந்தைக் காட்டிவிட்டு எடுத்திருக்கிறீர்கள், போடவில்லை.

இரண்டாவது தவறு, திட்டு கொஞ்சம் சிவப்பு குறைந்ததும் ஒரேயடியாக நிறுத்துவது. கையால் தடவிப் பார்த்தால் தடிப்பே தெரியாத அளவுக்கு வரவேண்டும். அதன்பிறகும் வாரத்தில் இரண்டு நாள், சனி ஞாயிறு என்று வைத்துக்கொண்டு, பழைய இடத்தில் போட்டு வரும்படி பல மருத்துவர்கள் எழுதுவார்கள். நான் அப்படித்தான் என் முழங்கையை வைத்திருக்கிறேன்.

"ஸ்டீராய்டுன்னு அட்டையில போட்டிருக்கு. பயமா இருக்கே?"

பயம் பாதி நியாயம். ஸ்டீராய்டு ஆயின்மென்ட்டில் பல வலிமை உண்டு. ஹைட்ரோகார்ட்டிசோன் மெலிது, பீட்டாமெத்தசோன் நடுத்தரத்துக்கு மேல், குளோபிட்டசால் உச்சம். அந்தக் குளோபிட்டசாலை இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்து போடக்கூடாது, வாரத்துக்கு 50 கிராமைத் தாண்டக்கூடாது என்பது பொதுவான வரம்பு. தாண்டினால் தோல் சிகரெட் தாள் மாதிரி மெலியும், கோடு விழும், ரத்தக் குழாய் தெரியும். பரந்த இடத்தில் நீண்ட நாள் போட்டால் உடம்புக்குள்ளும் இறங்கும்.

இந்த வரம்புக்குள், மேலே சொன்ன அளவில் போட்டால் அதைவிட வேகமாக வேலை செய்யும் பூச்சு மருந்து கிடையாது. ஸ்டீராய்டு அளவைக் குறைப்பதற்கென்றே வைட்டமின் டி வகையைச் சேர்ந்த கால்சிபோட்ரியால் இருக்கிறது. தனியாகப் போட்டால் மெதுவாகத்தான் வேலை செய்யும். ஸ்டீராய்டோடு சேர்த்துக் கொடுத்தால் இரண்டும் தனித்தனியே செய்வதைவிட நன்றாகச் செய்யும். தாரும் உண்டு. நாறும், துணியில் கறை பிடிக்கும். ஆனாலும் நூறு வருடத்துக்கு மேல் நின்ற மருந்து.

"டாக்டர்கிட்ட போக நேரமில்ல. நீங்களே ஒரு க்ரீம் கொடுங்களேன்?"

ஒரு காலத்தில் நானும் கொடுத்திருக்கிறேன், அதை மறைக்கவில்லை. ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, கிருமி மருந்து மூன்றும் ஒரே ட்யூபில் இருக்கும் கலவை க்ரீம். எந்த அரிப்புக்கும் இரண்டு நாளில் கேட்கும். கேட்பதுதான் வினை. பூஞ்சைப் படை மேல் போட்டால் ஸ்டீராய்டு சிவப்பை மட்டும் மறைக்கும், அடியில் படை வளரும். அப்புறம் டாக்டராலேயே எது என்ன என்று கண்டுபிடிக்கமுடியாத உருவத்துக்கு வந்து நிற்கும்.

2018ல் மத்திய அரசு இப்படி 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளைச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலுக்குள் கொண்டுவந்தது. அப்போதிருந்து சீட்டு கேட்கிறேன். கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகிறவர்கள் உண்டு.

"முகத்துலயும் அக்குள்லயும் இருக்கு. முட்டிக்குக் கொடுத்ததையே போடலாமா?"

கூடாது. முகம், கண் இமை, அக்குள், மார்புக்கு அடியில், தொடை இடுக்கு, பிறப்புறுப்பு, இங்கெல்லாம் தோல் மெல்லிசு, மருந்து பல மடங்கு உள்ளே போகும். இந்த இடங்களுக்கு மெலிதான ஸ்டீராய்டைச் சில நாளோ, டாக்ரோலிமஸ் மாதிரி ஸ்டீராய்டு இல்லாத களிம்பையோ எழுதுவார்கள். டாக்ரோலிமஸ் முதல் சில நாள் எரியும். அலர்ஜி என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மடிப்பில் வரும்போது செதிலே இருக்காது, வழவழ என்று சிவந்திருக்கும். அதனால் சேற்றுப்புண் மாதிரி ஏதோ என்று நினைத்துவிடுவார்கள்.

இந்த இடத்தில் இருக்கிறது என்று டாக்டரிடம் சொல்ல வெட்கப்பட்டு விட்டுவிடுபவர்கள் ஏராளம். சொன்னால்தான் அதற்கென்று தனி மருந்து எழுதுவார்.

"வெயில் காட்டச் சொல்லுதாவ. லைட் வைக்கிறதுன்னும் சொல்லுதாவ. ரெண்டும் ஒண்ணா?"

அடிப்படை ஒன்றுதான், புற ஊதாக்கதிர். வெயிலில் எல்லாக் கதிரும் கலந்து வரும். மருத்துவமனை அறையில் 311 நானோமீட்டர் என்ற குறுகிய பட்டையை மட்டும் எடுத்து, விநாடிக் கணக்கில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள். வாரம் இரண்டு மூன்று முறை, மொத்தம் 20 முதல் 30 தடவை. கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி, ஆண்களுக்குப் பிறப்புறுப்பை மறைப்பது கட்டாயம். உடம்பு முழுக்கத் திட்டு உள்ளவர்களுக்கும், மாத்திரை சாப்பிட முடியாதவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும்கூட நல்ல வழி. இதில் தோற்பவர்கள் சிகிச்சையால் தோற்பதில்லை. வாரம் மூன்று நாள் பஸ் ஏறி, அரை நாள் கூலியை விட்டுப் போய்வர முடியாமல் பத்தாவது தடவையோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆரம்பிக்கும் முன்பே இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

தோலை ஒளிக்குக் கூசவைக்கும் சோரலன் என்ற மருந்தும் ஒளியும் சேர்த்துக் கொடுக்கும் முறை 1974 வாக்கில் அமெரிக்காவில் பிரபலமானது. அந்தச் சோரலன் நம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கார்போக அரிசியிலும் இருக்கிறது. அதை அரைத்துப் பூசிக்கொண்டு மொட்டை மாடியில் நின்று, உடம்பெல்லாம் கொப்புளமாக வந்த ஒருவரைப் பார்த்தேன். இயற்கை மருந்துதான், ஆனால் அளவு தெரியாமல் வெயிலோடு சேர்த்தால் வெந்துவிடும்.

"வாரம் ஒரு மாத்திரை எழுதியிருக்காங்க. நெட்ல பாத்தா கேன்சர் மருந்துன்னு போட்டிருக்கு!"

மெத்தோட்ரெக்ஸேட். புற்றுநோய்க்கும் அதே மருந்துதான், ஆனால் அங்கே கொடுக்கும் அளவே வேறு. சொரியாசிஸுக்கு வாரத்துக்கு 7.5 முதல் 25 மில்லிகிராம் வரை, எதிர்ப்புச் சக்தியைக் கொஞ்சம் அடக்கி வைக்கும் அளவுக்குத்தான். ஐம்பது வருடத்துக்கு மேல் பயன்பாட்டில் உள்ள மருந்து, விலை மலிவு. நடுத்தரத்துக்கு மேல் உள்ள நோய்க்கு நம் ஊரில் முதலில் கை வைப்பது இதில்தான். பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். மூன்றாவது வாரமே "கேட்கல" என்று நிறுத்தாதீர்கள்.

இப்போது சொல்வதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். இது வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் சாப்பிடும் மருந்து. ஒரு பெரியவர் மற்ற மாத்திரைகளோடு இதையும் தினமும் போட்டுக்கொண்டிருந்தார். ஆறாவது நாள் வாயெல்லாம் புண், வாய்ப்புண்ணுக்கு மருந்து கேட்டு என் கடைக்கு வந்தார். அட்டையை வாங்கிப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. அன்றே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், மாற்று மருந்து கொடுத்துப் பிழைத்தார். தினசரி சாப்பிட்டால் எலும்பு மஜ்ஜையை அடித்துவிடும், உயிரே போகும். அதிலிருந்து மெத்தோட்ரெக்ஸேட் அட்டையின் பின்னால் "செவ்வாய் மட்டும்" என்று கறுப்பு மார்க்கரில் எழுதித்தான் கொடுக்கிறேன். கிழமை உங்கள் இஷ்டம். கூடவே எழுதித் தரும் ஃபோலிக் ஆசிட்டை மறுநாளோ, டாக்டர் சொன்ன நாளிலோ சாப்பிடவேண்டும்.

ஆரம்பிக்கும் முன்பும், அப்புறம் குறிப்பிட்ட இடைவெளியிலும் ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம் மூன்றையும் சோதிக்கவேண்டும். மது கூடாது, கல்லீரல் இரண்டையும் தாங்காது. வாய்ப்புண், காய்ச்சல், மூச்சுத் திணறலோடு விடாத இருமல் வந்தால் அடுத்த மாத்திரையைப் போடாமல் டாக்டரைப் பாருங்கள். சளி, மூத்திரக்கடுப்பு என்று வேறு டாக்டரிடம் போனாலும் இந்த மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லுங்கள். கோ-ட்ரைமாக்ஸசோல் என்ற சாதாரண ஆன்டிபயாட்டிக் இதோடு சேர்ந்தால் ஆபத்து.

"அது எனக்கு ஒத்துக்கல. வேற மாத்திரையே கிடையாதா?"

உண்டு. சைக்ளோஸ்போரின் வேகமாக அடக்கும். ஆனால் பிரஷரையும் சிறுநீரகத்தையும் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும் என்பதால் நீண்ட காலம் கொடுப்பதில்லை. அசிட்ரெட்டின் உள்ளங்கை, பாதத் தடிப்புக்கும் கொப்புள வகைக்கும் நல்லது, உதடு காயும். பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்குப் பெரும்பாலும் கொடுக்கமாட்டார்கள், காரணம் கல்யாணக் கேள்வியில் வரும். அப்ரெமிலாஸ்ட் புதுசு. ரத்தப் பரிசோதனைத் தொல்லை குறைவு, பலனும் நடுத்தரம்தான். முதல் இரண்டு வாரம் பேதியும் குமட்டலும் வரும். அதனால்தான் கொஞ்சம் கொஞ்சமாக அளவு கூட்டும் அட்டையாகத் தருகிறார்கள்.

"ஊசி போட்டா சுத்தமா போயிடும்னு சொந்தக்காரப் பையன் சொன்னான். லட்சக்கணக்குல ஆகுமாமே?"

பையன் சொல்வது பெரும்பாலும் சரி. பயாலஜிக் என்று சொல்லும் இந்த ஊசிகள் எதிர்ப்புச் சக்தி முழுவதையும் அடக்காமல், இந்த நோயை ஓட்டும் ஒரு தூதுப் பொருளை மட்டும் குறிபார்த்துத் தடுக்கும். அடாலிமுமாப் டிஎன்எஃப் என்பதைத் தடுக்கும். செக்கூக்கினுமாப் ஐஎல்-17ஐ, குசெல்குமாப் ஐஎல்-23ஐ. 90 சதவீதத்துக்கு மேல் தோல் தெளிவது இவற்றில் சாதாரணமாகப் பார்க்கும் விஷயம். பழைய மாத்திரைகளில் அது அபூர்வம். பெங்களூர் நிறுவனம் ஒன்று கொண்டுவந்த இட்டோலிசுமாப் ஊசி 2013ல் வந்தது. அடாலிமுமாபின் விலை குறைந்த மாற்று வடிவத்தை உலகிலேயே முதலில் 2014ல் வெளியிட்டதும் இந்திய நிறுவனம்தான். இந்த மாற்று வடிவங்களால் முன்பு நினைத்தே பார்க்கமுடியாத விலை இறங்கியிருக்கிறது, ஆனாலும் கூலி வேலை செய்பவர் கைக்கு எட்டாது. மருந்து நிறுவனங்கள் நோயாளிகளுக்குச் சலுகைத் திட்டம் வைத்திருக்கும். டாக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.

நம் நாட்டில் ஊசிக்கு முன்னால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. காசநோய்ப் பரிசோதனை. நம்மில் பலர் உடம்பில் காசநோய்க் கிருமி தூங்கிக்கொண்டிருக்கும், டிஎன்எஃப்பைத் தடுக்கும் ஊசி அதைத் தட்டி எழுப்பிவிடலாம். அதனால் மார்பு எக்ஸ்ரே, தோல் அல்லது ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுப்பார்கள். தூங்கும் கிருமி இருந்தால் முதலில் அதற்கு மருந்து. இன்னொன்று, ஊசியையும் நிறுத்தினால் பலருக்கு நோய் திரும்பும். முதல் ஊசிக்கு நகையை அடகு வைக்கும் முன், ஒரு வருடத்துக்குத் தொடர முடியுமா என்று கணக்குப் போடுங்கள்.

"சித்த வைத்தியத்துல நல்ல மருந்து இருக்குன்னு சொல்லுதாவளே?"

சித்த மருத்துவத்தில் இதைக் காளாஞ்சகப்படை என்பார்கள். வெட்பாலை இலையைக் கிள்ளித் தேங்காய் எண்ணெயில் போட்டுச் சில நாள் வெயிலில் வைத்தால், பச்சை இலை கத்திரிப்பூ நிறச் சாற்றை விடும். பார்க்கவே அழகாக இருக்கும். அந்தத் தைலம் செதிலை இளக்கும், சிலருக்கு நமைச்சல் குறையும். லேசான நோய்க்குத் தடவிப் பார்ப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. சென்னை தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது, அரசு ஆஸ்பத்திரிகளில் சித்தப் பிரிவு இருக்கிறது. பட்டம் பெற்றவரிடம் போங்கள்.

நான் பயப்படுவது பேர் ஒட்டாத பொட்டலத்துக்கு. ஒரு வாரத்தில் உடம்பு பளிச்சென்று ஆகி, பசி கூடி, முகம் உப்பி, சர்க்கரை ஏறினால் அந்தச் சூரணத்துக்குள் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். பாதரசம் சேர்ந்த மருந்துகள் சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். எதைச் சாப்பிட்டாலும் இரண்டு பக்க டாக்டருக்கும் தெரியவேண்டும். மெத்தோட்ரெக்ஸேட்டோடு சேர்த்துக் கல்லீரலைப் பதம்பார்க்கும் மூலிகைகளும் உண்டு.

"கத்திரிக்காய், கருவாடு, முட்டை, எல்லாம் நிறுத்தணுமா?"

கத்திரிக்காயை நிறுத்தியதால் சொரியாசிஸ் போனதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. குறிப்பிட்ட ஒன்றைச் சாப்பிட்டால் உங்களுக்குக் கூடுகிறது என்று இரண்டு மூன்று தடவை கவனித்திருந்தால் அதை விடுங்கள். கோதுமையை நிறுத்துவது, அது குடலுக்கு ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய் உள்ளவர்களுக்கு மட்டும் உதவும்.

நிஜமாக உதவுவது மூன்று, மூன்றும் கசக்கும். எடை கூடுதலாக இருந்தால் குறைப்பது. அதனால் நோயும் குறையும், மருந்தும் நன்றாகக் கேட்கும். பீடி, சிகரெட்டை விடுவது. குடியை விடுவது. கத்திரிக்காயைக் கேட்டவரின் சட்டைப் பையில் சிகரெட் பெட்டி இருந்தது.

"காயம்பட்ட இடத்துலயே வருதே, அது ஏன்?"

தலைப் பொருக்கைப் பெயர்க்காதீர்கள் என்று சொன்னதன் காரணம் இதுதான். நோய் துடிப்பாக இருக்கும்போது கீறல், வெட்டு, சூடு பட்ட இடத்தில் ஒன்றிரண்டு வாரத்தில் புதுத் திட்டு முளைக்கும். கோப்னர் என்ற ஜெர்மன் மருத்துவர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார், அவர் பெயரில்தான் இன்றும் சொல்கிறார்கள். பெண்களுக்குப் பாவாடை நாடா இறுக்கும் இடுப்புக் கோட்டில் வருவதும் இதனால்தான். நாடாவை அகலப் பட்டையாக மாற்றி, இறுக்கத்தைக் குறைத்தாலே அடங்கியவர்கள் உண்டு. அலகு குத்துவது, பச்சை குத்துவதை எல்லாம் நோய் அடங்கும்வரை தள்ளிப் போடுங்கள்.

"பிரஷர் மாத்திரை மாத்தினதுல இருந்து கூடிட்டு. சம்பந்தம் இருக்கா?"

இருக்கலாம். அடினோலால், மெட்டோப்ரோலால் வகை மாத்திரைகள், மனநலத்துக்குக் கொடுக்கும் லித்தியம், மலேரியாவுக்கும் மூட்டுக்கும் கொடுக்கும் குளோரோகுயின் வகை, இவை சிலருக்கு நோயைத் தூண்டும். நீங்களாக நிறுத்தாதீர்கள். பிரஷர் மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் நெஞ்சு அடிக்கும். எழுதிய டாக்டரிடம் சொன்னால் மாற்றுவார்.

"பையனுக்குத் தொண்டை வலி வந்து ரெண்டு வாரம் கழிச்சு உடம்பெல்லாம் பொட்டுப் பொட்டா..."

தொண்டைக் கிருமியைத் தொடர்ந்து வரும் துளி வகைச் சொரியாசிஸாக இருக்கலாம். பிள்ளைகளுக்கும் இளைஞர்களுக்கும்தான் அதிகம். பெரும்பாலும் சில மாதத்தில் தானாக மறையும். தொண்டைக்கு மருந்து, உடம்புக்கு வாசலின், தேவைப்பட்டால் ஒளிச் சிகிச்சை. பிறகு சிலருக்குச் சாதாரணத் திட்டு வகையாகத் திரும்பலாம்.

"பொண்ணுக்குக் கல்யாணம் பேசுதோம். மறைச்சிரவா? பிள்ளை பெத்துக்கலாமா?"

மறைக்கவேண்டாம் என்பது என் கருத்து. மறைத்து வைத்த பயத்திலேயே நோய் கூடும், மன அழுத்தம் இதற்குத் தீனி. பிள்ளை தாராளமாகப் பெறலாம். கர்ப்பத்தில் பலருக்குத் தோல் தானாகத் தெளியும், பிரசவத்துக்குப் பின் திரும்பும்.

ஆனால் மருந்தைத் திட்டமிடவேண்டும். மெத்தோட்ரெக்ஸேட் கருவைச் சிதைக்கும். அதை நிறுத்திக் குறைந்தது மூன்று மாதம் கழித்தே கருத்தரிக்கவேண்டும் என்பது வழக்கமான அறிவுரை. அசிட்ரெட்டின் என்றால் மூன்று வருடம். நிச்சயம் ஆனதுமே தோல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். ஆணும் மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிட்டால் பிள்ளைக்கு முன் டாக்டரைக் கேட்பது நல்லது.

"குதிகால் வலி, காலையில எந்திரிச்சா விரல் மடக்க முடியல. வயசு ஆச்சோ?"

வயது மேல் பழி போடும் முன் நகத்தைப் பாருங்கள். ஊசியால் குத்தின மாதிரிக் குழி, நகம் சதையை விட்டுத் தூக்கியிருப்பது, எண்ணெய்த் துளி நிறம், இவற்றோடு மூட்டு வலியும் இருந்தால் சொரியாசிஸ் மூட்டுவாதமாக இருக்கலாம். நோயாளிகளில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்டத்தட்ட வரலாம். காலையில் அரை மணிக்கு மேல் விறைப்பு, ஒரு விரல் முழுக்கத் தொத்திறைச்சி மாதிரி வீங்குவது, குதிகாலில் தசைநாண் எலும்போடு ஒட்டும் இடத்தில் வலி, இவை அடையாளம். முடக்குவாதப் பரிசோதனையில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. அதை வைத்து "ஒன்றுமில்லை" என்று வந்துவிடக்கூடாது.

வலி மாத்திரை வாங்க என்னிடம் வராதீர்கள், மூட்டுவாத நிபுணரிடம் போங்கள். தோல் எத்தனை தடவை கெட்டாலும் தேற்றலாம். கோணிப்போன விரலை நிமிர்த்த முடியாது.

"எப்ப ராத்திரியோட ராத்திரியா ஓடணும்?"

உடம்பு முழுக்கச் சிவந்து, குளிர் நடுக்கம், கால் வீக்கம். அல்லது காய்ச்சலோடு உடம்பெங்கும் சின்னச் சின்னச் சீழ்க் கொப்புளம். இரண்டும் உயிருக்கு ஆபத்தான வகைகள், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். இப்படி வந்தவர்களில் பலர் அதற்கு முந்தின வாரங்களில் ஸ்டீராய்டு மாத்திரையோ ஊசியோ எடுத்துத் திடீரென நிறுத்தியவர்கள். சொரியாசிஸுக்கு வாய்வழி ஸ்டீராய்டு வேண்டாம் என்று தோல் மருத்துவர்கள் சொல்வது இதற்காகத்தான்.

"செதிலெல்லாம் போயிட்டு. கறுப்பா ஒரு அடையாளம் மட்டும் போகல. இன்னும் மருந்து போடணுமா?"

கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பாருங்கள். தடிப்பும் சொரசொரப்பும் இல்லையென்றால் நோய் போய்விட்டது, நிறம்தான் பாக்கி. நம் நிறத் தோலில் அந்தக் கறுப்போ வெளுப்போ மறையப் பல மாதம் ஆகும். அதைப் போக்குகிறேன் என்று குளோபிட்டசாலைத் தொடர்ந்து போட்டுத் தோலை மெலிய வைக்காதீர்கள். வாசலின் போதும். என் வலது முழங்கையில் போன ஆடியில் தெளிந்த இடத்தில் இன்னும் ஒரு ரூபாய் அளவுக்குக் கறுப்பு கிடக்கிறது. இப்போதெல்லாம் அரைக்கைச் சட்டைதான் போடுகிறேன்.